ஓட்டக்காரனின் உரிமை

அமெரிக்க நெடுந்தூர ஓட்ட வீரர் ஸ்டீவ் ப்ரிஃபான்டெயின் 1975-ம் வருஷம் மே மாதம் 30-ந் தேதி, ஆரிகன் மாகாணத்து யூஜீன் நகரில் மோட்டார் விபத்தில் உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்குப் பிராயம் 24 தான். 2000 மீட்டர் முதல் 10000 மீட்டர் வரை ஏழு பந்தயங்களில் அமெரிக்க 'ரிக்கார்டு'கள் அன்று அவர் வசமிருந்தன. அவற்றைப் பின்வந்தோர் முறியடித்துவிட்டனர். அது விளையாட்டின் தர்மம். அவர் விட்டுச் சென்ற வேறோர் ஆஸ்தியைக் குறித்தே எழுத விரும்புகிறோம்.

1972-ல் மூனிக் ஒலிம்பிக் பந்தயத்தில், 5000 மீட்டர் ஓட்டத்தின் கடைசி மைலில் முன்னணிக்கு வந்து வேகத்தைக் கூட்டியவர் அவரே. முடிவில் பின்லாந்தின் லாஸே விரேன் வென்றார். இவருக்குக் கிடைத்தது நான்காவது ஸ்தானம். பதக்கமின்றித் திரும்பிய யுவனை எதிர்நோக்கி நின்றது வறுமை. அமெச்சூர் அத்லெடிக் யூனியன் என்ற சங்கத்தின் விதிப்படி, ஓடுபவன் ஓட்டத்தால் பணம் பெறலாகாது. அவன் எங்கே ஓடலாம் என்பதிலும் சங்கத்தின் அதிகாரமே செல்லும். அன்றாடம் ஓடிப் பழகுகிறவன் வயிற்றுப்பாட்டுக்கு என் செய்வான் என்ற கேள்விக்கு அவ்விதிகளில் விடையில்லை.

தொழில்முறைப் பந்தயக்காரர்கள் 2 லட்சம் டாலர் தருவதாக அழைத்தும் அவர் இசையவில்லை. இசைந்திருந்தால் ஒலிம்பிக் வாசல் அடைபட்டிருக்கும். பணத்தை மறுத்தாரேயன்றி வாயை அடக்கவில்லை. சங்கத்தின் போக்கைப் பகிரங்கமாகக் கண்டித்தார். 1975-ல் பின்லாந்து வீரர்களைத் தாமே ஆரிகனுக்கு வரவழைத்துப் பந்தயங்கள் நடத்தினார். மே 29-ந் தேதி நடந்த பந்தயத்தில் வென்ற சில மணி நேரத்திற்குள் அவர் உயிர் பிரிந்தது.

1978-ல் அமெரிக்கக் காங்கிரஸ் சபை அமெச்சூர் விளையாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. பழைய சங்கத்தின் ஏகபோகம் ஒழிந்தது. ஒவ்வொரு விளையாட்டின் நிர்வாக சபையிலும் வீரர்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு வாக்கு ஏற்பட்டது. இது அவர் ஒருவரால் விளைந்ததென்று நாம் கூறவில்லை. பலர் பல்லாண்டு வாதாடியதன் பலன் அது. ஆயினும் அவ்வாதத்தில் ஓங்கி ஒலித்த குரல்களில் ஒன்று அவருடையது.

யூஜீனில் அவர் பெயரால் நடந்துவரும் பந்தயத்தில், வெல்பவர்கள் இன்று பகிரங்கமாகவே பரிசுப் பணம் பெறுகிறார்கள். உயிரோடிருக்கையில் பட்டினி போட்டு, மாண்டபின் மாலை சூட்டுவது மரியாதையாகாது. வீரனுக்குச் சோறும் சொல்லுரிமையும் அளிப்பதே அவனுக்குத் தக்க ஞாபகச் சின்னம் என்பது நமது அபிப்பிராயம்.