அக்கா போட்ட பாஸ்!

திருவதிகைக்குப் போயிருக்கீங்களா? பண்ருட்டியை ஒட்டினாப்ல இருக்கு. வீரட்டானேஸ்வரர் கோயில், தேர், சீசன்ல போனா வழியெல்லாம் பலாப்பழ வாசனை. அந்தக் கோயில் வாசலைப் பெருக்கி, மெழுகி, வருஷக்கணக்கா ஒருத்தருக்காகக் காத்திருந்த அக்கா ஒருத்தர் உண்டு. பேரு திலகவதியார். அப்பா, அம்மா போயாச்சு. நிச்சயம் பண்ணின மாப்பிள்ளை போர்க்களத்துல போயாச்சு. தம்பிக்காகவே உயிரை வெச்சிருந்தாங்க. அந்தத் தம்பியும் வேற பாதையில கிளம்பிப் போயிட்டார். அக்கா அசரலை. இருந்த இடத்துலேயே இருந்தாங்க. கடைசியில தம்பி திரும்பி வந்தார். அவர்தான் திருநாவுக்கரசர். நம்ம அப்பர்!

'யூத் பக்கத்துல எதுக்குப்பா பெரிய புராணம்?'னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. இதே கடலூர் மாவட்டத்துல இன்னொரு அக்கா கதை இருக்கு. இந்தக் கதையில அக்கா கையில விளக்குமாறு இல்லை. கால்ல ஃபுட்பால்!

அலைக்கு அப்புறம் வந்த பந்து

2004 டிசம்பர் 26. சுனாமி. கடலூர் கரையோரக் கிராமங்கள் அன்னிக்கு என்ன ஆச்சுன்னு உங்க வீட்டுப் பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க. பெத்தவங்களை இழந்த பிள்ளைகளுக்காக அரசு இல்லம் நடத்துச்சு. அங்கே பொறுப்புல இருந்தவர் எஸ்.மாரியப்பன். ஃபுட்பால் தெரிஞ்சவர். அழுதுட்டிருந்த பிள்ளைகள் முன்னாடி அவர் உருட்டி விட்டது ஒரு பந்து. பிள்ளைங்க மனசை ஆத்தறதுக்காக ஆரம்பிச்ச ஆட்டம், மெல்ல மெல்லப் பெரிசாச்சு. இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாடமிங்கற பேர்ல கடலூர் டீம் ஒண்ணு, 2017-18 சீசன்ல இந்தியன் விமன்ஸ் லீக்குக்கே போய் ஆடுச்சு.

இந்த மாவட்டத்துல இருந்து இந்தியா ஜெர்ஸி போட்டவங்களை எண்ணிப் பாருங்க. கடலூர் இந்துமதி கதிரேசன், பண்ருட்டி சந்தியா ரங்கநாதன்னு லிஸ்ட் நீளுது. சந்தியா அரசு விடுதியில வளர்ந்தவர். அங்கே சீனியர் அக்காக்கள் பந்து ஆடறதையும், பையைத் தூக்கிட்டு வெளியூர் மேட்சுக்குக் கிளம்பறதையும் பார்த்துப் பார்த்துத்தான் அவருக்கு ஆசையே வந்துச்சு. கவனிச்சீங்களா... அக்கா!

2018 பிப்ரவரியில கட்டாக்ல நடந்த சீனியர் தேசியப் போட்டி ஃபைனல்ல, அசைக்க முடியாத மணிப்பூரை 2-1னு சாய்ச்சு தமிழ்நாடு முதல் தடவையா கோப்பையைத் தூக்குச்சு. அடுத்த வருஷம், 2019 மார்ச்சில நேபாளத்துல விராட்நகர்ல தெற்காசியக் கோப்பை. செமி ஃபைனல்ல வங்கதேசத்தை இந்தியா 4-0னு போட்டுத் தாக்கினப்போ, அதுல ரெண்டு கோல் இந்துமதியோடது. ஃபைனல்ல நேபாளத்தை 3-1னு ஜெயிச்சு கோப்பை நமக்கு. அந்த இந்திய டீம்ல இந்துமதிக்கு வயசு 24. சந்தியாவுக்கு 22.

ஸ்கூல் யூனிஃபார்ம்ல பந்தைத் தொட்ட பொண்ணு, இந்தியா ஜெர்ஸியில கோப்பையைத் தொட பத்து வருஷத்துக்கு மேல ஆகியிருக்கு. நாம கைதட்டறது கடைசி நாளுக்கு மட்டும்தான். நடுவுல போன அந்தப் பத்து வருஷத்தைப் பத்தி யாராவது பேசறோமா?

லிஸ்ட்ல பேர் வந்தாச்சு... அப்புறம்?

ஆஸ்திரேலியாவுல ஒரு விசித்திரமான ஃபுட்பால் உண்டு. நீள்வட்ட கிரவுண்ட், நீள்வட்டப் பந்து, பக்கத்துக்கு 18 பேர். காலாலயும் உதைக்கலாம், கையாலயும் குத்திப் பாஸ் பண்ணலாம். 'ஆஸி ரூல்ஸ்'னு பேரு. அங்கே 1986-ல இருந்து 'டிராஃப்ட்'னு ஒரு முறை இருக்கு. நாடு முழுக்க இருந்து 18 வயசை ஒட்டின பசங்களை கிளப்புகள் வரிசைப்படி பேர் சொல்லித் தேர்ந்தெடுக்கும். டிவியில லைவ், கேமரா, கைதட்டல், அம்மா கண்ல தண்ணி... எல்லாம் உண்டு.

மறுநாள் காலையில? அந்தப் பையன் நேரா மெயின் டீமுக்குப் போயிட முடியாது. முக்கால்வாசிப் பேர் முதல்ல ரிசர்வ் டீம்ல ஆடணும். உடம்பை ஏத்தணும். இளசுகளுக்குன்னே தனியா கோச் இருப்பாங்க. உயரமான பசங்களுக்கு இன்னும் லேட்டாகும். உதாரணத்துக்கு மேக்ஸ் கான். 208 சென்டிமீட்டர் உயரம்! மெல்போர்ன் கிளப் 2009-ல 34-வது ஆளா எடுத்துச்சு. முழங்கால் அடி வாங்கி மாசக்கணக்கா வெளிய உட்கார்ந்தார். நாட்டின் சிறந்த அணியில அவர் பேர் வந்தது 2016-ல. கேப்டனா கோப்பையைத் தூக்கினது 2021-ல. மெல்போர்னுக்கு அது 57 வருஷக் காத்திருப்பு!

யோசிச்சுப் பாருங்க. 2012-லயே 'இவன் தேற மாட்டான்'னு அனுப்பியிருந்தா? தேர்ந்தெடுக்கறது ஒரு நாள் வேலை. தேத்தறது வருஷக்கணக்கான வேலை. நம்ம ஊர்ல முதல் வேலைக்கு மாலை போடறோம். ரெண்டாவது வேலைக்கு ஆளே இருக்கறதில்லை.

பிஞ்சுல பழுத்தா வெம்பிடும்!

பண்ருட்டிக்காரங்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவசரப்பட்டுப் பறிச்சு, அடிச்சுப் பழுக்க வெச்ச பழம் வெம்பிப் போகும். சுளையில ருசியே இருக்காது. பிளேயரும் அப்படித்தான்.

ஜனவரி 1-ஐ வெச்சு வயசைக் கணக்குப் பண்ணி, 14 வயசுக்குட்பட்டோர் டீமுக்கு செலக்ஷன் நடக்குதுன்னு வைங்க. ஜனவரியில பிறந்த பொண்ணும் டிசம்பர்ல பிறந்த பொண்ணும் ஒரே வரிசையில நிப்பாங்க. ஆனா ரெண்டு பேருக்கும் நடுவுல கிட்டத்தட்ட ஒரு வருஷ வளர்ச்சி வித்தியாசம். அந்த வயசுல அது பெரிய விஷயம். உயரமா, வேகமா தெரியற பொண்ணு உள்ள போவா. சின்ன உடம்புக்காரி வீட்டுக்குப் போவா. உலகம் முழுக்க ஜூனியர் டீம்கள்ல வருஷ ஆரம்பத்துல பிறந்தவங்க கூட்டமா இருக்கறதை ஆராய்ச்சிக்காரங்க பல விளையாட்டுல பார்த்திருக்காங்க. சீனியர் லெவல் போகப் போக அந்த வித்தியாசம் குறையுது. சீக்கிரம் வளர்ந்தவங்க எல்லாம் பெரிய பிளேயர் ஆகறதில்லை. லேட்டா வளர்றவங்க எல்லாம் வேஸ்ட்டும் இல்லை. ஆனா அந்த சின்ன உடம்புக்காரி ரெண்டு வருஷம் கழிச்சு வளர்ந்து வர்றப்போ, கிரவுண்ட்ல இருக்காளா, இல்லை எப்பவோ பந்தைத் தூக்கிப் போட்டுட்டாளா? கேள்வி அதுதான்.

முழங்கால் பத்திரம்!

இன்னொரு வில்லன் காயம். முழங்காலுக்குள்ள இருக்கற தசைநார் கிழிஞ்சா, ஆபரேஷன் முடிஞ்சு திரும்ப ஆட ஒன்பது மாசம், ஒரு வருஷம் ஆகும். இந்த ஆபத்து பசங்களைவிடப் பொண்ணுங்களுக்கு ரெண்டு மடங்குக்கும் மேல. வசதியில்லாத வீட்டுப் பொண்ணுக்கு, பல சமயம் அதுவே கடைசி மேட்ச்.

இதுக்குச் செலவே இல்லாத ஒரு வழி இருக்கு. 'ஃபிஃபா லெவன் ப்ளஸ்'னு ஒரு வார்ம்-அப். ஓட்டம், ஸ்குவாட், ஒத்தைக் கால்ல நிக்கறது, குதிச்சு முழங்காலை மடக்கி மெதுவா இறங்கறதுன்னு 15 பயிற்சி. மொத்தம் 20 நிமிஷம். நார்வேயில 13-ல இருந்து 17 வயசுப் பொண்ணுங்களை வெச்சுப் பண்ணின ஆய்வு 2008-ல வெளியாச்சு. இந்த வார்ம்-அப் செஞ்சவங்களுக்குக் கடுமையான காயம் கிட்டத்தட்ட பாதியாக் குறைஞ்சிருந்துச்சு. மெஷின் வேண்டாம், ஜிம் வேண்டாம். உங்க காலேஜ் டீம் நாளைக்கே ஆரம்பிக்கலாம். 'மேட்சுக்கு லேட்டாச்சு, நேரா ஆடிடலாம் மச்சி'ன்னு சொல்றவனை மட்டும் கொஞ்சம் அடக்கி வைங்க!

ஆட மேட்ச் எங்கே?

நீச்சல் கத்துக்க தண்ணி வேணும். ஆட்டம் கத்துக்க மேட்ச் வேணும். இந்தியன் விமன்ஸ் லீக் 2017 ஜனவரியில ஆரம்பிச்சப்போ, இறுதிச் சுற்றுல ஆறே டீம். ஒரே ஊர். மூணு வாரத்துக்குள்ள கதை முடிஞ்சது. மீதி வருஷம்? பிராக்டீஸ், பிராக்டீஸ், பிராக்டீஸ். யாரோட ஆடன்னு தெரியாத பிராக்டீஸ். சொந்த ஊர்ல ஒரு மேட்ச், எதிராளி ஊர்ல ஒரு மேட்ச்னு லீக் ஒழுங்கா நடக்க ஆரம்பிச்சதே 2023-24 சீசன்லதான். அதுவும் ஏழு டீம். நம்ம அக்காக்கள் வளர்ந்தது அதுக்கு முன்னாடி இருந்த வறட்சிக் காலத்துல.

கிடைச்ச வாய்ப்பும் கை நழுவின கதை உண்டு. 2022 ஜனவரியில ஆசியக் கோப்பை நம்ம நாட்டுலேயே நடந்துச்சு. இந்துமதியும் சந்தியாவும் அணியில. முதல் மேட்ச் ஈரானோட 0-0. அடுத்த மேட்சுக்குள்ள முகாம்ல கொரோனா புகுந்து, களமிறக்க ஆளே இல்லாம இந்தியா போட்டியை விட்டே வெளியேறுச்சு. பல வருஷ உழைப்பு ஒரே ராத்திரியில காலி!

அழுதுட்டு உட்கார்ந்துட்டாங்களா? 2023 ஜூன்ல அமிர்தசரஸ்ல ஹரியானாவை 2-1னு ஜெயிச்சு தமிழ்நாடு ரெண்டாவது தடவையா தேசியக் கோப்பையைத் தூக்குச்சு. முதல் கோப்பைக்கும் ரெண்டாவதுக்கும் அஞ்சு வருஷம் இடைவெளி. 2025 ஜூலையில தாய்லாந்தை அவங்க மண்ணுலேயே 2-1னு ஜெயிச்சு, 2026 ஆசியக் கோப்பைக்கு இந்தியா தகுதி பெற்றது. தகுதிச் சுற்றுல ஆடி ஜெயிச்சு அங்கே போனது அதுதான் முதல் முறை. போட்டி எங்கே தெரியுமா? ஆஸ்திரேலியாவுல!

சோறு போடுமா பந்து?

வீட்டுல கேக்கற கேள்வி இதுதானே? நியாயமான கேள்வியும்கூட. 18-ல இருந்து 22 வரைக்கும், அதாவது நீங்க இப்ப இருக்கற வயசுலதான், பல பேர் விளையாட்டை விடறாங்க. திறமை இல்லாம இல்லை. வீட்டுக்குப் பதில் சொல்ல முடியாம.

இந்துமதி தமிழ்நாடு போலீஸ்ல சப்-இன்ஸ்பெக்டர். 2020 ஊரடங்கு நேரத்துல காக்கி போட்டு சென்னையில டியூட்டி பார்த்தவர். மாசச் சம்பளம் வந்ததாலதான் பந்தும் கூடவே வந்துச்சு. தமிழ்நாட்டு அரசு வேலைகள்ல விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கு. எஸ்.டி.ஏ.டி. விளையாட்டு விடுதிகள் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு, தங்குமிடம், பயிற்சி கொடுக்குது. சான்றிதழ்களைப் பத்திரமா வைங்க, டிகிரியை விடாதீங்க, அறிவிப்புகளைப் பாருங்க. படிப்பு ஆட்டத்துக்கு எதிரி இல்லை. கால் வலிச்சு உட்கார்றப்போ தாங்கற பெஞ்ச் அது.

இப்ப உங்க டர்ன்!

காலேஜ் செலக்ஷன் லிஸ்ட்ல உங்க பேர் வந்திருக்கா? வாழ்த்துக்கள். ஆனா இன்னும் பழம் ஆகலை பாஸ், இப்பத்தான் காய் பிடிச்சிருக்கு. வரலையா? கவலை வேண்டாம். மரம் இன்னும் நிக்குது. அடுத்த வருஷமும் சீசன் வரும்.

ஃபைனல் இயர் ஆளா நீங்க? உங்களுக்குத்தான் முக்கியமான வேலை. சிதம்பரம் அண்ணாமலை யுனிவர்சிட்டி கிரவுண்டோ, கடலூர் அண்ணா ஸ்டேடியமோ, உங்க ஊர்ப் பொட்டலோ... பிராக்டீஸ் முடிஞ்சதும் பையைத் தூக்கிட்டு ஓடாதீங்க. ஒரு அரை மணி நேரம் நில்லுங்க. ஓரத்துல வெட்கப்பட்டு நின்னு வேடிக்கை பார்க்கற ஃபர்ஸ்ட் இயர் பொண்ணைக் கூப்பிட்டு ஒரு பாஸ் போடுங்க. தப்பா உதைப்பா. சிரிக்காதீங்க. இன்னொரு பாஸ் போடுங்க.

கோச் சம்பளத்துக்கு வருவார். அசோசியேஷன் எலெக்ஷனுக்கு வரும். கேமரா கோப்பைக்கு வரும். தினமும் சாயங்காலம் வர்றது சீனியர் மட்டும்தான். விடுதி கிரவுண்ட்ல அன்னிக்கு ஆடிட்டிருந்த அக்காக்களுக்கு, ஓரமா நின்னு பார்த்த சின்னப் பொண்ணு ஒருநாள் இந்தியாவுக்கு ஆடுவான்னு தெரிஞ்சிருக்குமா என்ன? தெரியாமலேதான் ஆடினாங்க. திருவதிகை அக்காவுக்கும் தம்பி அப்பராகப் போறார்னு தெரியாது. வாசலைப் பெருக்கிட்டே இருந்தாங்க. அவ்வளவுதான்.

இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு கிரவுண்டுக்குப் போவீங்கல்ல? ஓரத்துல யார் நிக்கறான்னு ஒரு தடவை திரும்பிப் பாருங்க!