வாரக் கணக்கிலிருந்து அன்றாட வியர்வைக்கு

அறுபது ஆண்டுகளுக்கு முன் பட்டர்வொர்த் தமிழரிடம் போய் உடற்பயிற்சி செய்யச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவருக்கும், சுற்றுவட்டாரத் தோட்டங்களில் விடியுமுன் பால்மரம் வெட்டப் போனவருக்கும் வேலைதான் பயிற்சி. வியர்வை அன்றும் கொட்டியது. ஆனால் தலைக்கு ஒரு வாரக் கணக்கு இருந்தது: பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி, ஆண்களுக்குப் புதன், சனி.

அன்றைக்கு நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கி உச்சியில் வைத்துப் பரபரவென்று தேய்ப்பார்கள். அரைமணி ஊறிய பிறகு, வடித்த கஞ்சியில் குழைத்த சீயக்காய். கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது. பிள்ளைகள் போடும் சத்தம் லயம் முழுக்கக் கேட்கும். மற்ற நாள்களில் தேங்காய் எண்ணெய் தடவி வாரிய பின்னல். மரம் வெட்டப் போகும் பெண்கள் தலையில் துணி கட்டிக்கொள்வார்கள். ரப்பர் பால் முடியில் பட்டு உறைந்துவிட்டால் பிறகு கத்தரிக்கோல்தான் வழி.

இன்று தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் உட்கார்ந்தே பொழுது போகிறது. வியர்வையைத் தேடிப் போகவேண்டியிருக்கிறது. மாலையானால் ரொபினா கடற்கரையில் நடப்பவர்கள், ஓடுபவர்கள். மழை வந்தால் ஜிம். 1985-இல் வாகனங்களுக்காகத் திறந்த 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தில் மாரத்தானும் ஓடுகிறார்கள்.

ஓடும் பெண்ணின் தலையைக் கொஞ்சம் கவனியுங்கள். நெற்றித் தோல் இழுபடும்படி வாரி, இறுக்கமான ரப்பர் பேண்டு, மேலே தொப்பி. ஓட்டம் முடிந்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டு அந்த ஈரத்தலையிலேயே ஹெல்மெட். 1973 முதல் மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கு அது சட்டம், தவிர்க்க முடியாது. ஆனால் வியர்வையைத் துடைக்க இரண்டு நிமிடம் போதும். அதைத்தான் யாரும் செய்வதில்லை.

நம் ஊர்க் காற்றில் எப்போதும் ஈரம். வியர்வை லேசில் காயாது. தலைத்தோலில் இயல்பாகவே இருக்கும் மலசீசியா என்ற பூஞ்சைக்கு அந்தப் பிசுக்கும் வெப்பமும் கொண்டாட்டம். அரிப்பும் பொடுகும் அதன் விளைவு. அதனால் பொடுகு உள்ளவர்கள் தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது. தினமும் இறுக்கிக் கட்டினால் காதோரமும் நெற்றியோரமும் முடி மெலியும்.

உடற்பயிற்சி முடியைக் கொட்டவைக்கும் என்ற பயம் வேண்டாம். நாளுக்கு ஐம்பது முதல் நூறு முடி உதிர்வது இயல்பு. எடை குறையவேண்டுமென்று சோற்றையும் பருப்பையும் ஒருசேர நிறுத்தி, புரதமும் இரும்புச்சத்தும் குறைந்தால்தான் இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாக உதிரும். அந்தப் பழி ஓட்டத்தின் மேல் விழுகிறது.

பாட்டியின் எண்ணெய்க் கிண்ணத்தை ஒதுக்கவும் வேண்டாம். 2003-இல் இந்திய ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அது முடியின் உள்ளே இறங்கக்கூடியது. நீச்சல்குளத்துக்குப் போகிறவர்கள் முதலில் நல்ல தண்ணீரில் முடியை நனைத்து, நுனியில் சிறிது தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் குளோரின் ஏறுவது குறையும்.

வாரம் இருமுறை என்ற பழைய கணக்கு, தினமும் வியர்க்கும் தலைக்குப் போதாது. எண்ணெயை ஓடுவதற்கு முன் வைக்காமல், குளிப்பதற்கு அரைமணி முன் வையுங்கள். அதிகம் வியர்த்த நாளில் மென்மையான ஷாம்பூவைத் தலைத்தோலுக்கு மட்டும் போடுங்கள். மற்ற நாள்களில் வெறும் தண்ணீரில் அலசினால் போதும். ஓடும்போது தளர்வான பின்னல் போடுங்கள். ஹெல்மெட்டின் உள்துணியை அடிக்கடி துவையுங்கள். இத்தனைக்குப் பிறகும் மாதக்கணக்கில் முடி உதிர்ந்தால், புது எண்ணெய் தேடி அலையாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள்.