சும்மா இருக்கும் தினம், டிராகன் தினம், தை 3... ஜனவரி 16-க்கு இத்தனை சொந்தக்காரர்களா!

பொங்கல் விடுமுறை இன்னும் முடிந்திருக்காது. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் கரும்பும் பானையுமாக வாழ்த்துப் படங்கள் வந்துகொண்டே இருக்கும். நடுவில் யாராவது ஒரு மாமா, ‘இன்று என்ன தினம் தெரியுமா?’ என்று ஒரு நீண்ட பட்டியலைத் தட்டிவிடுவார். எல்லாத் தேதிக்கும் இப்படி ஒரு பட்டியல் உண்டு. ஆனால், ஜனவரி 16-ன் பட்டியல் தனி ரகம். காரணம், அந்தத் தேதியில் மதுரை மாவட்டத்து வாடிவாசல் ஒன்றும் திறக்கும்.

முதலில் வெளியூர்க்காரர்களைப் பார்த்துவிடுவோம்.

அமெரிக்காவில் ஜனவரி 16, ‘எதுவும் இல்லாத தினம்’. நம் மொழியில் சொன்னால், சும்மா இருக்கும் தினம். 1972-ல் ஹரால்ட் புல்மன் காஃபின் என்ற பத்திரிகை எழுத்தாளர் இதை முன்மொழிந்தார். நாட்டில் தினங்கள் பெருகிவிட்டன, ஒரே ஒரு நாளாவது எதையும் கொண்டாடாமல், யாரையும் கௌரவிக்காமல் மக்கள் நிம்மதியாக உட்கார்ந்திருக்கட்டும் என்பது அவர் வாதம். 1973 முதல் ஜனவரி 16-ஐ அதற்காகக் குறித்தார்கள். ‘எதுவும் இல்லாத தினம்’ என்று பெயர் வைத்ததுமே அதுவும் ஒரு தினமாகிவிட்டதே என்று கேட்கக் கூடாது. சும்மா இருப்பதும் லேசுப்பட்ட வேலையில்லை என்று வடிவேலு காமெடி பார்த்து வளர்ந்த நமக்குத் தெரியாததா!

அதே தேதி டிராகன்களைப் பாராட்டும் தினமும்கூட. டோனிடா கே. பால் என்ற எழுத்தாளர், டிராகன்கள் வரும் தன் ‘டிராகன்ஸ்பெல்’ நாவல் வெளியானதையொட்டி 2004-ல் தொடங்கியது இது. புத்தகத்துக்கு விளம்பரம் தேடியதுபோலவும் ஆயிற்று, காலண்டரில் ஓர் இடம் பிடித்ததுபோலவும் ஆயிற்று. கெட்டிக்காரப் பெண்மணி.

இன்னும் இருக்கிறது. ‘ஃபிக் நியூட்டன்’ என்ற அத்திப்பழ பிஸ்கட்டுக்கும் இதே நாள்தான். காரசாரமான உணவுக்கான சர்வதேச தினமும் இதே நாள்தான். மதுரையில் காரத்துக்குத் தனியாக ஒரு தினம் எதற்கு என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது.

இந்த தினங்களையெல்லாம் யார் அனுமதிக்கிறார்கள்? பெரும்பாலும் யாரும் இல்லை. அமெரிக்காவில் சேஸ் சகோதரர்கள் 1957-ல் தொடங்கிய ஆண்டுக் கையேடு ஒன்று உண்டு. எந்த நாளில் என்ன விசேஷம் என்று தொகுத்துத் தருவது அதன் வேலை. ஒரு தினத்தை யோசித்து எழுதி அனுப்பினால் அவர்கள் பரிசீலிப்பார்கள், பிடித்தால் சேர்த்துக்கொள்வார்கள். அதில் இடம்பிடித்தவை வானொலிக்கும் நாளிதழ்களுக்கும் போயின. பிறகு இணையத்துக்கு வந்தன. இப்போது மாமாவின் செல்போனுக்கு வந்திருக்கின்றன.

எல்லாமே விளையாட்டு தினங்களும் அல்ல. தாய்லாந்தில் ஜனவரி 16 ஆசிரியர் தினம். 1945-ல் அந்தத் தேதியில் வந்த ஆசிரியர்கள் சட்டத்தை நினைவுகூர்ந்து 1957 முதல் கொண்டாடுகிறார்கள். பள்ளிகளுக்கு அன்று விடுமுறை. ஆசிரியரை அங்கே ‘க்ரு’ என்கிறார்கள். நம் ‘குரு’தான் கப்பலேறிப் போயிருக்கிறார்.

அமெரிக்காவிலேயே கொஞ்சம் கனமான தினமும் இதே தேதியில் வருகிறது. தாமஸ் ஜெஃபர்சன் எழுதிய மதச் சுதந்திரச் சட்டத்தை வர்ஜீனியா சட்டமன்றம் 1786 ஜனவரி 16 அன்று ஏற்றது. அதன் நினைவாக மதச் சுதந்திர தினம். நம் மத்திய அரசும் 2022-ல் ஜனவரி 16-ஐ தேசிய ஸ்டார்ட்அப் தினம் என்று அறிவித்தது. 2016-ல் அதே தேதியில்தான் ‘ஸ்டார்ட்அப் இந்தியா’ திட்டம் டெல்லியில் தொடங்கப்பட்டது.

அந்த 2016 ஜனவரி 16 மதுரைப் பக்கம் எப்படி விடிந்தது தெரியுமா? அன்று மாட்டுப் பொங்கல், பாலமேடு ஜல்லிக்கட்டு நடக்க வேண்டிய நாள். மத்திய அரசின் அனுமதிக்கு உச்ச நீதிமன்றம் நான்கு நாள்களுக்கு முன்புதான் தடை விதித்திருந்தது. டெல்லியில் புதிய தொழில்களுக்குக் கதவு திறந்த நாளில் பாலமேட்டில் வாடிவாசல் மூடிக் கிடந்தது. மறுநாள் அலங்காநல்லூரிலும் அதே நிலை.

நம் தேதி தையின் கையில்

தை 1 அவனியாபுரம், தை 2 பாலமேடு, தை 3 அலங்காநல்லூர். மதுரைக்காரர்களுக்கு இது வாய்ப்பாடு மாதிரி. அரசு விடுமுறைப் பட்டியலில் இதே மூன்று நாள்கள் பொங்கல், திருவள்ளுவர் தினம், உழவர் திருநாள். வீடுகளிலோ பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல். பஞ்சாங்கத்தைப் புரட்டினால் மூன்றும் கரிநாள், சுபகாரியம் தொடங்க மாட்டார்கள். ஒரே நாளுக்கு அரசு ஒரு பெயர், அம்மா ஒரு பெயர், ஜோசியர் ஒரு பெயர்!

இதில் திருவள்ளுவர் தினத்துக்கு ஒரு சுவையான பின்கதை உண்டு. வள்ளுவர் பிறந்த நாள் யாருக்கும் தெரியாது. முன்பு வைகாசி அனுஷத்தில் வள்ளுவர் திருநாள் கொண்டாடும் வழக்கம் இருந்தது. பிறகுதான் அரசு அதைத் தை 2-க்குக் கொண்டுவந்தது. அன்று டாஸ்மாக் கடைகள் அடைப்பு. கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே எழுதியவருக்கு ஆண்டில் ஒரு நாளாவது அந்த மரியாதை கிடைக்கிறது.

சரி, தை 3 ஆங்கிலத் தேதியில் எப்போது வரும்? சில ஆண்டுகளில் ஜனவரி 16, சில ஆண்டுகளில் 17. 2018, 2021, 2025-ல் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு 16-ம் தேதி நடந்தது. 2019, 2020, 2023, 2024, 2026-ல் 17-ம் தேதி. அந்த ஆண்டுகளில் 16 பாலமேட்டின் நாள்.

இதற்குக் காரணம் வானத்தில் இருக்கிறது. சூரியன் மகர ராசியில் நுழைவதை வைத்துத் தை பிறக்கிறது. அந்தக் கணக்கு நட்சத்திரங்களை வைத்துப் போடுவது. ஆங்கில ஆண்டோ பருவகாலத்தை ஒட்டியது. இரண்டுக்கும் ஆண்டுக்குச் சுமார் 20 நிமிட வித்தியாசம். பார்க்கச் சின்னதுதான். ஆனால், 72 ஆண்டுகளில் அது ஒரு முழு நாளாகிவிடும். இதோடு லீப் வருடமும் சேர்ந்துகொள்வதால் இப்போது பொங்கல் 14-க்கும் 15-க்கும் இடையே ஊஞ்சலாடுகிறது.

விவேகானந்தர் பிறந்தது 1863 ஜனவரி 12. அன்று மகர சங்கராந்தி! அந்தக் கணக்கில் அப்போதைய தை 3 ஏறக்குறைய ஜனவரி 14-ல் வந்திருக்கும். இன்று ஜனவரி 12-ஐ தேசிய இளைஞர் தினமாகக் கொண்டாடுகிறோம். ராமகிருஷ்ண மடத்தில் அவரது ஜயந்தியைத் திதி பார்த்துக் கொண்டாடுகிறார்கள். சங்கராந்தியோ இரண்டு மூன்று நாள் தள்ளிப் போய்விட்டது. பிறந்தவர் ஒருவர்தான், நாள்தான் மூன்றாகப் பிரிந்துவிட்டது.

எதுவும் நடக்காத நாள்

2017-ல் பொங்கல் ஜனவரி 14. தை 3 வந்தது 16-ம் தேதி. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்த பிறகு, 2015-லும் 2016-லும் அலங்காநல்லூர் வாடிவாசல் திறக்கவில்லை. மூன்றாவது ஆண்டும் அப்படியே போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அமெரிக்க எழுத்தாளர் வேடிக்கையாகக் கேட்ட ‘எதுவும் இல்லாத நாள்’ இந்த ஊருக்கு உத்தரவாகவே வந்திருந்தது.

அன்று ஊர்மக்களோடு வெளியூர் இளைஞர்களும் அலங்காநல்லூரில் திரண்டார்கள். இரவானது, கலையவில்லை. 17-ம் தேதி காலை போலீஸார் அவர்களைக் கைது செய்தார்கள். செய்தி செல்போன் வழியாகப் பரவியது. அன்றே சென்னை மெரினாவில் கூட்டம் சேர ஆரம்பித்தது. பிறகு நடந்ததைத் தமிழ்நாடே பார்த்தது. 21-ம் தேதி அவசரச் சட்டம் வந்தது. மறுநாளே போட்டியைத் தொடங்கிவைப்பதற்காக முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் மதுரைக்கு வந்தார். ‘நிரந்தரச் சட்டம் வரட்டும்’ என்று அலங்காநல்லூர் மக்கள் மறுத்துவிட்டார்கள். மூன்று ஆண்டுகள் காத்திருந்த ஊர், கைக்கு வந்த நாளை வேண்டாம் என்று சொன்னது. எனக்கு அந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். 23-ம் தேதி சட்டமன்றம் சட்டத்தை நிறைவேற்றியது. பிப்ரவரி 10 அன்று அலங்காநல்லூரில் காளைகள் ஓடின. அந்தச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது 2023 மே 18-ல்.

ஜல்லிக்கட்டு வேண்டாம் என்பவர்களின் கவலையையும் ஒதுக்கிவிட முடியாது. காளைகளுக்கும் வீரர்களுக்கும் மருத்துவப் பரிசோதனை, ஆன்லைன் பதிவு, சுற்றுக்குச் சுற்று மாறும் சீருடை, தரையில் தென்னை நார் என்று கட்டுப்பாடுகள் வந்துவிட்டன. இருந்தும் ஒவ்வொரு தையிலும் காயம்பட்டவர்களோடு ஆம்புலன்ஸ்கள் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு விரைகின்றன. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் உயிரிழந்ததும் உண்டு. போகிறவர்கள் தடுப்பு வேலிக்கு வெளியே நிற்பதுதான் நல்லது. காளை வெளியேறும் பாதையில் செல்ஃபி எடுப்பது வீரமல்ல.

அந்த மருத்துவமனைக்கும் ஒரு ஜனவரி 16 இருக்கிறது. 2021-ல் நாடு முழுக்கக் கொரோனா தடுப்பூசி போடத் தொடங்கியது அந்தத் தேதியில்தான். தமிழ்நாட்டில் முதல்வர் எடப்பாடி பழனிசாமி அதைத் தொடங்கிவைத்தது ராஜாஜி மருத்துவமனையில். அதே நாளில் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக்கும் கொடியசைத்தார். ஓரிடத்தில் ஊசிக்குக் கையை நீட்டிய முன்களப் பணியாளர்கள், இன்னோர் இடத்தில் திமிலுக்குக் கையை நீட்டிய இளைஞர்கள். பிஸ்கட்டுக்கெல்லாம் ஒரு தினம் இருக்க, இந்த நாளுக்குத் தனிப் பெயர் இல்லை. தேசிய தடுப்பூசி தினம் என்று நாம் அனுசரிப்பது மார்ச் 16-ஐ. அது 1995-ல் போலியோ சொட்டு மருந்துத் திட்டம் தொடங்கிய நினைவு.

அடுத்த ஆண்டு, 2022-லும் தை 3 ஜனவரி 16-ல்தான் வந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை, முழு ஊரடங்கு. காளைகள் ஒரு நாள் காத்திருந்து 17-ம் தேதி ஓடின.

இப்போது ஊருக்கு அருகில், கீழக்கரையில் கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கம் இருக்கிறது. 2024 ஜனவரி 24 அன்று திறந்தார்கள். கேலரி, பெரிய மைதானம் எல்லாம் உண்டு. அங்கே எந்தத் தேதியிலும் போட்டி வைக்கலாம். ஆனாலும் தை 3 அன்று மக்கள் ஊருக்குள் இருக்கும் பழைய வாடிவாசலுக்குத்தான் போகிறார்கள். முதலில் முனியாண்டி கோயில் காளையை அவிழ்த்துவிடுவார்கள், அதை யாரும் பிடிக்க மாட்டார்கள். அதன் பிறகுதான் மற்றவை.

தை 3-க்கு அரசு வைத்த பெயர் உழவர் திருநாள் என்று சொன்னோம் அல்லவா? அலங்காநல்லூரில் காளைகளுக்கு அடுத்தபடியாகப் பேர்பெற்றது கரும்பு. தேசிய கூட்டுறவு சர்க்கரை ஆலை இந்த ஊரில்தான் இருக்கிறது. 2019-க்குப் பிறகு அங்கே அரவை நின்றுபோனது. ஆலையைத் திறக்கச் சொல்லி விவசாயிகள் பலமுறை போராட்டம் நடத்தினார்கள். ஜல்லிக்கட்டு பார்க்கத் திரளும் கேமராக்களில் எத்தனை, அந்த ஆலை வாசலுக்கும் போய்ப் பார்க்கின்றன?