மிஞ்சிய ஒரே புகைப்படம்: பிரதி எடுக்க வீட்டுக்கு எந்தப் பிரிண்டர் பொருத்தம்?

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 30ஆம் திகதி, வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோருக்கான சர்வதேச தினத்தில், வடக்கு கிழக்கின் வீதிகளில் தாய்மார் புகைப்படங்களை ஏந்தி நிற்கின்றனர். 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து கொண்டு செல்லப்பட்ட 158 பேரை நினைவுகூரும்போதும் அவர்களின் உறவுகளிடம் எஞ்சியிருப்பவை படங்களே. இடம்பெயர்வு, 2004 சுனாமி, மாரி வெள்ளம் எல்லாவற்றையும் தாண்டி மிஞ்சியவை அவை. பல வீடுகளில் ஒருவருக்கு ஒரே ஒரு படம்தான் உண்டு. அதுவும் அடையாள அட்டைக்காக எடுத்த சிறிய படம்.

முறைப்பாடு, விசாரணை, நினைவேந்தல் என ஒவ்வொன்றுக்கும் பிரதி தேவைப்படுகிறது. படுவான்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து அதற்காக நகரத்துக்கு வந்து போவது செலவும் அலைச்சலும். வீட்டிலேயே ஒரு கலர் பிரிண்டர் வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் இப்படித்தான் வருகிறது. வாங்குமுன் கவனிக்க வேண்டியவை இவை.

முதலில் ஸ்கேனர்

பழைய படத்திலிருந்து பிரதி எடுப்பதுதான் நோக்கம் என்றால், பிரிண்டரோடு ஸ்கேனரும் சேர்ந்த இயந்திரமே தேவை. கடவுச்சீட்டு அளவுப் படத்தின் அகலம் 35 மில்லிமீற்றர். அதை 210 மில்லிமீற்றர் அகலமான ஏ4 தாள் முழுவதற்கும் பெருப்பித்தால் 6 மடங்கு. 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்திருந்தால் அச்சில் அங்குலத்துக்கு 200 புள்ளிகள் கிடைக்கும். கையில் ஏந்தும் படத்துக்கு அது தாராளம். 300 டிபிஐயில் எடுத்திருந்தால் 50 புள்ளிகள்தான். முகம் கலங்கிப் போகும். ஆகவே கடைக்காரரிடம் ஸ்கேனர் 1200 டிபிஐ தருமா என்று கேளுங்கள்.

படத்தைத் 'தெளிவாக்கும்' கைபேசிச் செயலிகளில் அவதானம் தேவை. மங்கிய முகத்தில் இல்லாத கண்ணையும் மூக்கையும் அவை ஊகித்து வரைந்துவிடும். அடையாளம் காண்பதற்கான படத்தில் அது ஆபத்து. திருத்தாத ஸ்கேனை எப்போதும் தனியாக வைத்திருங்கள்.

எந்த வகை?

மை தாங்கி உள்ள இன்க்ஜெட்: எப்சன் எல்3250, கெனன் ஜி3010 போன்றவை இந்த வகை. போத்தலில் வரும் மையை ஊற்றி நிரப்பலாம் என்பதால் பக்கத்துக்கான செலவு மிகக் குறைவு. பிள்ளைகளின் பாடக் குறிப்பு, கடிதம், இடைக்கிடை படம் என்று எல்லாவற்றுக்கும் ஒன்று வேண்டுமென்றால் இதுவே பொருத்தம். எல்3250இன் ஸ்கேனர் 1200 டிபிஐ தரும், ஜி3010 தருவது 600. மறுபுறம், கெனன் ஜி3010இல் அச்சுத்தலை பழுதானால் நாமே கழற்றி மாற்றலாம். எப்சனில் தொழில்நுட்பவியலாளரிடம்தான் போக வேண்டும்.

ஆறு நிற மை: எப்சன் எல்8050, கெனன் ஜி670 போன்றவை. தோலின் நிறமும் நிழலும் இவற்றில் இயல்பாக வரும். விலை கூட. எல்8050இல் ஸ்கேனர் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். படமே பிரதான வேலை என்பவர்களுக்கு மட்டும் இது தேவை.

சிறிய டை-சப்ளிமேஷன் பிரிண்டர்: கெனன் செல்ஃபி சிபி1500 போன்றது. வெப்பத்தால் நிறத்தைத் தாளில் ஏற்றி, இறுதியில் மேலே ஒரு பாதுகாப்புப் படலத்தையும் இடுகிறது. தண்ணீர் பட்டாலும் சட்டென அழியாது, மை காய்ந்து அடைபடும் பிரச்சினையும் இல்லை. ஆனால் அஞ்சலட்டை அளவுக்கு மேல் அச்சிட முடியாது. தாளும் மை நாடாவும் சேர்ந்த பொதியாகவே விற்கப்படும். 108 தாள் பொதியின் விலையை 108ஆல் வகுத்தால் ஒரு படத்தின் செலவு தெரியும்.

கலர் லேசர்: டோனர் என்பது பிளாஸ்டிக் தூள். மழையில் கரையாது. பதாகைக்கு நல்லது, அல்பத்தில் வைக்கும் தரம் இராது.

வாவிக் காற்றும் மின்வெட்டும்

வீட்டு இன்க்ஜெட்டின் நிற மை பெரும்பாலும் நீரில் கரையும் சாய மை. ஈரப்பதம் கூடினால் அது தாளுக்குள்ளேயே மெல்லப் பரவி, விளிம்புகள் மங்கும். எனவே தாளின் தரம் முக்கியம். 'குளோஸி' என்று விற்கப்படும் மலிவுத் தாள்களில் பல ஒரு சொட்டு நீரிலேயே குழம்பிவிடும். 'ஆர்சி' எனக் குறிக்கப்பட்ட, பிசின் பூச்சுள்ள தாளைக் கேட்டு வாங்குங்கள். மிச்சத் தாளைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் காற்றுப் புகாத உறையில் வையுங்கள்.

பல நாட்கள் பாவிக்காவிட்டால் இன்க்ஜெட்டின் அச்சுத்தலை காய்ந்து அடைபடும். வாரத்துக்கு ஒரு தடவையாவது எல்லா நிறமும் உள்ள ஒரு பக்கத்தை அச்சிட வேண்டும். சுவர் ஆளியை நேரடியாக நிறுத்தாமல், பிரிண்டரின் பொத்தானை அழுத்தி நிறுத்துங்கள். அப்போதுதான் அச்சுத்தலை தன் மூடிக்குள் போய் அமரும். வேலை நடுவே மின்சாரம் போனால், வந்தவுடன் ஒரு முறை போட்டு, முறையாக நிறுத்துவது நல்லது.

மலிவான மாற்று மையும் யோசிக்க வேண்டியது. முதல் நாள் வித்தியாசம் தெரியாது. வெயில் படும் சுவரில் தொங்கும் படத்தில்தான் நிறம் வெளுப்பது தெரியவரும்.

வாங்காமல் இருப்பதும் ஒரு தெரிவு

ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து படங்கள்தான் தேவை என்றால் பிரிண்டர் வாங்குவது வீண். பாவிக்காமலே அடைபட்டுப் போகும். ஒளியுணர் தாளில் இரசாயன முறையில் அச்சிடும் ஸ்டூடியோ இருந்தால் அங்கே எடுப்பது மலிவு, நீண்ட காலம் நிற்கும். நான்கைந்து குடும்பங்களோ ஒரு மாதர் சங்கமோ சேர்ந்து ஒன்றை வாங்கினால் இயந்திரமும் ஓடும், செலவும் பிரியும்.

மூலப்படத்துக்குச் செய்யக்கூடாதவை

மூலப்படத்தை ஒருபோதும் லமினேட் செய்யாதீர்கள். சூடும் பசையும் படத்தோடு ஒட்டினால் மீட்க வழியில்லை. லமினேட் செய்வது பிரதியை மட்டும். சட்டகக் கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தை உரிக்க வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம். போராட்டத்துக்கோ அலுவலகத்துக்கோ மூலப்படத்தைக் கொண்டு போகாதீர்கள், எந்த அதிகாரி கேட்டாலும் பிரதியைக் கொடுங்கள்.

ஸ்கேன் செய்த கோப்பை ஒரு பென்டிரைவில் வைத்து, இன்னொரு பிரதியை வெளிநாட்டிலோ வேறு மாவட்டத்திலோ உள்ள உறவினருக்கு அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், 'டொகியுமென்ட்' ஆக அனுப்ப வேண்டும். கோப்பின் பெயரில் ஆளின் பெயர், ஊர், படம் எடுத்த ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். அடுத்த தலைமுறை அந்த முகத்தை யாரென்று அறிய அதுவே வழி.