ஒரு ராத்தல் தானியமும் சென்னையின் மறுப்பும்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத் தோல் தொழிலின் வரலாற்றை வகுப்பில் எடுக்கும்போது, 1876-78 பஞ்சக் காலத்தில் சென்னையிலிருந்து தோல் ஏற்றுமதி உயர்ந்ததைச் சொல்லி, அதற்குக் காரணம் கேட்பேன். வணிகம் செழித்தது என்றே பெரும்பாலான மாணவர்கள் விடையளிப்பர். உண்மையில், தாது வருஷப் பஞ்சத்தில் தீவனமின்றி மாடுகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. அவற்றின் தோல்தான் கப்பலேறியது.

மனிதர்கள் மடிந்த கணக்கு வேறு ஏட்டில் இருக்கிறது. அன்று வேலூரும் ஆம்பூரும் வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை; வாணியம்பாடி சேலத்தைச் சேர்ந்தது. 1871-க்கும் 1881-க்கும் இடையே வட ஆர்க்காட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 20 லட்சத்திலிருந்து 18 லட்சமாகவும், சேலத்தின் மக்கள்தொகை 19.7 லட்சத்திலிருந்து 16 லட்சமாகவும் சரிந்தது.

இத்துயரின் நடுவே, ஏழைக்கு எவ்வளவு சோறு என்பதை யார் தீர்மானிப்பது என்று சென்னை அரசுக்கும் வைசிராய் லிட்டனின் மத்திய அரசுக்கும் பெரும் பிணக்கு மூண்டது. 1877 ஜனவரியில் லிட்டன் அனுப்பிய பிரதிநிதி ரிச்சர்ட் டெம்பிள். 1874 பிகார் பஞ்சத்தில் பர்மாவிலிருந்து அரிசி தருவித்து மக்களைக் காத்தவர் இவரே. அதற்காகவே ஊதாரி என்று ஏசப்பட்டவர். அந்தப் பெயரைத் துடைக்கும் முனைப்போடு வந்தார் என்றே நான் கருதுகிறேன். நிவாரண வேலைக்கு வரும் ஆணுக்கு அதுவரை ஒன்றரை ராத்தல் தானியத்துக்கு ஈடாக இருந்த கூலியை, ஒரு ராத்தலும் அரையணாவுமாகக் குறைக்கச் செய்தார்.

இதன் வேர் 1834-ஆம் ஆண்டின் இங்கிலாந்து ஏழையர் சட்டத்தில் உள்ளது. உதவியைக் கசப்பாக்கினால் உண்மையில் வேறு வழியற்றவர் மட்டுமே வருவார் என்பது அதன் தர்க்கம். பொருளியலில் இன்றும் இதற்கு மதிப்புண்டு. ஆனால் மண் சுமப்பவனுக்கு உணவைக் குறைத்தால், அந்தச் சோதனையில் முதலில் விழுபவன் சோம்பேறியல்லன், மெலிந்தவன். இங்கிலாந்திலேயே ஹடர்ஸ்ஃபீல்டு, டாட்மர்டன் போன்ற வடபகுதி நெசவாலை ஊர்கள் லண்டன் ஆணையர்களின் விதிகளை ஏற்க மறுத்துப் போராடின.

சென்னையில் எதிர்ப்பு ஆலைத் தெருவிலிருந்து வரவில்லை, அரசு அலுவலகத்துக்குள்ளிருந்தே வந்தது. மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், கடின வேலை செய்பவர் ஒரு ராத்தலில் உயிர் தரிக்க முடியாது என்று வாதிட்டார். சிறைக் கைதிக்கு அளிக்கும் உணவைவிட இது குறைவு என்றார். பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றார். முகாம்களின் இறப்பு விவரங்களை முன்வைத்தார். டெம்பிளோ இவற்றை ஏட்டுக் கோட்பாடு என்று ஒதுக்கினார். எனினும் ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் அரசு கார்னிஷின் பக்கம் நின்று, 1877-இன் நடுப்பகுதியில் கூலியை உயர்த்தியது.

பம்பாய் மாகாணத்தில் கதை வேறு. அங்கே தொழிலாளரே முகாம்களைவிட்டு வெளியேறினர், பூனா சார்வஜனிக் சபை அவர்களுக்காக மனுமேல் மனு எழுதியது, அரசு அசையவில்லை.

பக்கிங்காமைப் புனிதராக்க வேண்டியதில்லை. சென்னையில் கால்வாய்க்கு அவர் பெயர் நிலைத்ததே பஞ்ச நிவாரண வேலையால்தான். அந்த ஆண்டின் தென்மேற்குப் பருவமழையும் பொய்த்தபோது, உயர்த்திய கூலி பலரைக் காக்கவில்லை. காலம் கடந்துவிட்டிருந்தது. ஆயினும் 1880-இல் பஞ்ச ஆணையம் ஒரு ராத்தலைவிடக் கூடுதலான படியையே பரிந்துரைத்தது. அதன் வழியே பஞ்ச விதித்தொகுப்புகள் பிறந்தன.

2005-இல் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, ஊதியத்தை நிர்ணயிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு வழங்கியது. அது போதாது என்று கருதும் மாநிலம், மிச்சத்தைத் தன் கருவூலத்திலிருந்து எடுத்துத் தரவேண்டியிருந்தது.