மின்வாகனங்களுக்கு நகரங்களை ஆயத்தப்படுத்துதல்

பெட்ரோல், டீசல் வண்டிகளிலிருந்து மின்வாகனங்களுக்கு மாறும் நகரம், அவற்றுக்குத் தேவையான மின்சாரத்தையும் நிறுத்துமிடங்களையும் விதிமுறைகளையும் முன்கூட்டியே அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சாலையோரங்களில் மின்னேற்ற நிலையங்களைத் திறப்பது இப்பணியின் ஒரு பகுதி மட்டுமே. வண்டிகள் இரவில் எங்கே நிற்கின்றன, அங்கே மின் இணைப்பு உண்டா என்பதே இதில் முதன்மையான கேள்வி.

பெட்ரோல் நிரப்புவதும் மின்னேற்றுவதும்

பெட்ரோல் நிரப்பச் சில நிமிடங்கள் போதும். மின்னேற்றத்துக்கு நேரம் பிடிக்கும். மின் ஸ்கூட்டரின் பேட்டரி ஏறத்தாழ 3 யூனிட் மின்சாரம் கொள்ளும். வீட்டுச் சுவரிலுள்ள பிளக்கிலேயே சில மணி நேரத்தில் அது நிறைந்துவிடும். 40 யூனிட் கொள்ளும் காரின் பேட்டரியை 3.3 கிலோவாட் திறனில் நிரப்பச் சுமார் 12 மணி நேரமும், 7 கிலோவாட் திறனில் நிரப்பச் சுமார் 6 மணி நேரமும் ஆகும். 50 கிலோவாட்டுக்கு மேற்பட்ட விரைவு மின்னேற்றிகள் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடித்துவிடும். ஆனால் அவற்றை நிறுவ அதிகச் செலவாகும்.

சொந்த வண்டிகள் நாளின் பெரும்பகுதி நின்றுகொண்டுதான் இருக்கின்றன. அந்த நேரத்தை மின்னேற்றத்துக்குப் பயன்படுத்துவதே சிக்கனமான வழி. விரைவு மின்னேற்றிகள் நெடுஞ்சாலைகளுக்கும், ஓயாமல் ஓடும் வாடகை வண்டிகளுக்கும் ஏற்றவை.

தெரு மின்மாற்றியின் சுமை

ஒரு தெருவுக்கு 250 கிலோவோல்ட்-ஆம்பியர் திறனுள்ள மின்மாற்றி இருப்பதாகக் கொள்வோம். அத்தெருவில் 30 மின்கார்கள் மாலை 7 மணிக்கு வீடு திரும்பி, 7 கிலோவாட் வீதம் ஒரே நேரத்தில் மின்னேற்றத் தொடங்கினால், சுமை 210 கிலோவாட்டாகும். விளக்கு, குளிர்சாதனம், மோட்டார் ஆகியவை அதே நேரத்தில் ஓடுவதால் மின்மாற்றி தாங்காது.

அதே 30 கார்களும் நாளுக்கு 40 கிலோமீட்டர் ஓடுகின்றன எனில், காருக்கு ஏறத்தாழ 6 யூனிட் வீதம் மொத்தம் 180 யூனிட்டே தேவை. இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை சீராகப் பகிர்ந்து மின்னேற்றினால் சுமை 20 கிலோவாட்தான். தேவை ஒன்றே, நேரம் மாறினால் சுமை பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது.

நேரத்துக்கேற்ற மின்கட்டணத்தின் நோக்கம் இதுவே. 2023-இல் திருத்தப்பட்ட இந்திய மின்நுகர்வோர் உரிமை விதிகளின்படி, சூரிய மின்சாரம் மிகுந்த பகல் நேரத்தில் கட்டணம் குறைவு. உச்சத் தேவை நேரத்தில் கூடுதல். வேறுபாட்டைக் கணக்கிட ஸ்மார்ட் மீட்டர் வேண்டும். பகலில் அலுவலக நிறுத்துமிடத்திலேயே மின்னேற்ற வசதி இருந்தால் சூரிய மின்சாரம் நேராகப் பயன்படும்.

இந்திய விதிமுறைகள்

வாகனங்களுக்கு மின்னேற்றித் தருவது மின்விற்பனை அன்று, ஒரு சேவையே என்று மத்திய மின் அமைச்சகம் 2018-இல் தெளிவுபடுத்தியது. அதனால் தனி உரிமம் இன்றி யாரும் மின்னேற்ற நிலையம் தொடங்கலாம். நகரங்களில் 3 கிலோமீட்டர் நீள, அகலமுள்ள கட்டத்துக்கு ஒரு நிலையமேனும் வேண்டும் என்று அவ்வாண்டின் வழிகாட்டுதல் கூறியது. 2024-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் அக்கட்டத்தை 1 கிலோமீட்டராகச் சுருக்கியது.

கட்டடங்களுக்கான மாதிரி விதிகளில் 2019-இல் செய்யப்பட்ட திருத்தம், புதிய கட்டடங்களின் நிறுத்துமிடத்தில் 20 விழுக்காட்டை மின்வாகனங்களுக்கு ஆயத்தப்படுத்தச் சொல்கிறது. கட்டும்போதே மின்கம்பிக் குழாய் பதிப்பது எளிது. பிறகு தரையை உடைத்துப் பதிப்பதற்குப் பன்மடங்கு செலவாகும். எனினும் மாநிலங்களும் உள்ளாட்சிகளும் ஏற்றால்தான் மாதிரி விதிகள் நடைமுறைக்கு வரும்.

சொந்த நிறுத்துமிடம் இல்லாதோர்

தனிவீட்டுக்காரருக்கு மின்னேற்றம் பெரிய சிக்கலன்று. வாடகைக்குக் குடியிருப்போர், குறுகிய சந்துகளில் வண்டியை நிறுத்துவோர், ஆட்டோ ஓட்டுநர்கள், உணவு விநியோகம் செய்வோர் ஆகியோருக்கே இடர்ப்பாடு. நாளெல்லாம் ஓட்டிப் பிழைப்பதால் எரிபொருள் செலவு குறைவதன் பயன் இவர்களில் பலருக்கே மிகுதி; மின்னேற்ற இடம் கிடைக்காமல் திண்டாடுவோரும் இவர்களே. அடுக்குமாடிகளிலோ குடியிருப்போர் சங்கத்தின் ஒப்புதலும் பொதுவான மின் இணைப்பின் திறனும் தடையாகலாம்.

இதற்குச் சில நகரங்கள் வழி கண்டுள்ளன. ஆம்ஸ்டர்டாமில் சொந்த நிறுத்துமிடம் இல்லாத மின்கார் உரிமையாளர், தம் வீட்டருகே பொது மின்னேற்றக் கம்பம் கேட்டு விண்ணப்பிக்கலாம். லண்டனில் தெருவிளக்குக் கம்பங்களிலேயே மின்னேற்றிகள் பொருத்தப்பட்டுள்ளன. இந்தியாவில் ஆட்டோக்களுக்கும் இருசக்கர வண்டிகளுக்கும் தீர்ந்த பேட்டரியைக் கொடுத்து நிறைந்ததைப் பெறும் பேட்டரி மாற்று நிலையங்கள் பயன்படுகின்றன.

பேருந்துப் பணிமனைகள்

சீனாவின் ஷென்சென் நகரம் 2017-ஆம் ஆண்டு இறுதிக்குள் தன் 16,000-க்கும் மேற்பட்ட பேருந்துகளையும் மின்சாரத்துக்கு மாற்றியது. பேருந்துகளோடு சேர்த்து மின்னேற்ற இடங்களையும் அமைத்ததால்தான் இது இயன்றது. சென்னையில் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்பேருந்துகளின் சேவை தொடங்கியது. அதற்கு முன் அப்பணிமனையில் மின்னேற்ற வசதிகள் அமைக்கப்பட்டன.

ஒரு பேருந்து நாளுக்கு 200 கிலோமீட்டர் ஓடி, கிலோமீட்டருக்கு 1 யூனிட் செலவிட்டால், 100 பேருந்துகளுக்கு நாளொன்றுக்கு 20,000 யூனிட் தேவை. மாதம் 200 யூனிட் செலவிடும் வீட்டுக்கு அது எட்டு ஆண்டுகளுக்கு மேல் போதும். எனவே பணிமனைகளுக்குத் தனி உயரழுத்த மின் இணைப்பு இன்றியமையாதது.

பாதுகாப்பு

சன்னல் வழியே நீட்டிய ஒயரில் மின்னேற்றுவதும், தாங்காத பிளக்கைப் பயன்படுத்துவதும் தீவிபத்துக்கு இடமளிக்கும். தனிச் சுற்று, நில இணைப்பு, மின்கசிவு கண்டதும் துண்டிக்கும் கருவி ஆகியவை கட்டாயம் வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் பல நிறுத்துமிடங்கள் வெள்ளத்தில் மூழ்கின. இத்தகைய ஊர்களில் மின்னேற்றிகளையும் மின்பெட்டிகளையும் வெள்ள மட்டத்துக்கு மேலே அமைப்பது தேவை.

வண்டி வாங்க ஒரு நாள் போதும். மின்மாற்றியை மாற்றவும் மின்கம்பி பதிக்கவும் மாதங்கள், சில வேளை ஆண்டுகள்கூட ஆகும். ஆகவே தெருவாரியாகத் தேவையைக் கணக்கிட்டு, நிறுத்துமிடம் இல்லாதோரையும் அக்கணக்கில் சேர்த்து, இப்பணியை முன்னதாகவே தொடங்குவது நகர நிருவாகங்களின் கடமையாகும்.