விடிய விடியக் கர்ணன், விரல்நுனியில் முஃபாசா

விழுப்புரம், திண்டிவனம் சுற்றுவட்டார ஊர்களில் ஒரு காலத்தில் நட்பைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது கூத்து. திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசி நாளில் படுகளமும் தீமிதியும். அதில் கர்ண மோட்சம் ஆடும் இரவுக்கென்று தனிக் கூட்டம் சேரும். ஊர் சாப்பிட்டு முடித்து வந்த பிறகுதான் மத்தளமும் முகவீணையும் தொடங்கும். இருவர் திரை பிடிக்க, அதன் பின்னாலிருந்து கர்ணனின் குரல் முதலில் வரும். திரை விலகினால் மரக் கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் விளக்கு வெளிச்சத்தில் மின்ன, சுழன்று சுழன்று வந்து நிற்பான். சாக்கை விரித்து முன்னால் படுத்திருக்கும் பிள்ளைகள் கோமாளியான கட்டியங்காரன் பேச்சுக்குச் சிரிப்பார்கள், நடுவில் தூங்குவார்கள், கர்ணன் பொன்னுருவியிடம் விடைபெறும் நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

அந்தக் கதை சொன்ன பாடம் நேரடியானது. தேரோட்டி மகன் என்று சபையில் இழிவுபட்டவனுக்கு அங்க நாட்டைக் கொடுத்து, உன் பிறப்பை நான் கேட்கவில்லை என்றான் துரியோதனன். துரியோதனனின் மனைவியோடு சொக்கட்டான் ஆடிக்கொண்டிருந்த கர்ணனின் கை பட்டு அவள் மேகலை அறுந்து முத்துகள் சிதறியபோது, சந்தேகப்படாமல் முத்துகளைப் பொறுக்கவா, கோக்கவா என்று கேட்டவனும் அவன்தான். பெற்ற தாய் குந்தியே வந்து பிறப்பின் ரகசியத்தைச் சொல்லி அழைத்தும், அப்படிப்பட்டவனை விட்டு வர மாட்டேன் என்று பதினேழாம் நாள் போருக்குப் போய்ச் சாகிறான் கர்ணன்.

கூத்துக்கு வெளியிலும் இந்த மண்ணில் இதே பாடம் உண்டு. திண்டிவனத்துக்கு மேற்கே செஞ்சி. 1714இல் ஆற்காட்டு நவாப்பின் படையோடு மோதி இறந்த தேசிங்கு ராஜனின் கதைப்பாடலில், தோழன் மகபத்கான் தன் கல்யாணத்தை விட்டுவிட்டுப் போர்க்களத்துக்கு வருகிறான். விழுப்புரத்துக்கு மேற்கே, இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் திருக்கோவலூரில் தென்பெண்ணை ஆற்றுக்குள் கபிலர் குன்று நிற்கிறது. தோழன் பாரி இறந்த பிறகு புலவர் கபிலர் உயிர்விட்ட இடம் என்று ஊர் சொல்கிறது. தோழனுக்காக உயிரைக் கொடுப்பதே நட்பின் உச்சம் என்று கேட்டு வளர்ந்த மண் இது.

அந்தப் பாடத்தில் ஒரு குறையும் இருந்தது. அதே திருவிழாவில் சில இரவுகளுக்கு முன்புதான் திரௌபதியின் துகில் உரிதல் நடந்திருக்கும். ஊர் கும்பிடும் அம்மனையே சபையில் அவமானப்படுத்தும்போது கர்ணன் தோழனைத் தடுக்கவில்லை, அவனோடு சேர்ந்து பேசினான். அந்தக் கர்ணனுக்காகத்தான் பிறகு ஊரே அழுதது. தவறு செய்யும் தோழனை இடித்துச் சொல்லித் திருத்துவதுதான் நட்பு என்று வள்ளுவர் சொல்லியிருக்கிறார். 79ஆம் அதிகாரம் தொடங்கி ஐந்து அதிகாரங்களை நட்புக்கே கொடுத்தவர் அவர். கூத்துக் களத்தில் நன்றிக்கடன் தெரிந்த அளவு, இடித்துச் சொல்லும் கடமை தெரியவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிறப்பால் இழிவுபட்ட ஒருவனைத் தோழன் கைதூக்கிவிட்ட கதையைப் பார்க்க வந்த கூட்டமே பல ஊர்களில் பிறப்பைப் பார்த்துப் பிரிந்துதான் உட்கார்ந்தது. ஊர்த்தெருப் பிள்ளை ஒரு பக்கம், காலனிப் பிள்ளை இன்னொரு பக்கம். இது பழங்கதையும் அல்ல. விழுப்புரம் அருகே மேல்பாதியில் தலித் மக்கள் கோயிலுக்குள் வருவதை எதிர்த்து எழுந்த தகராறில், 2023 ஜூனில் அதிகாரிகள் பூட்டி சீல் வைத்தது ஒரு திரௌபதி அம்மன் கோயிலைத்தான். கர்ணனுக்காக அழுத கண்கள் பக்கத்துத் தெருவைப் பார்க்க மறுத்ததை நினைத்தால் நெஞ்சு பொறுக்கவில்லை.

கூத்துக்குப் பிறகு சினிமா வந்தது. 1964இல் பி.ஆர். பந்துலுவின் ‘கர்ணன்’ சிவாஜி உருவத்தில் டூரிங் டாக்கீஸ் மணல் தரைவரை வந்து சேர்ந்தான். அடுத்து தொலைக்காட்சி. 2006இல் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது, 2007இல் சுட்டி டிவி வந்தது. கூரை வீட்டுப் பிள்ளைக்கும் மாடி வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே கார்ட்டூன் ஒரே நேரத்தில் தமிழில் கிடைத்தது அப்போதுதான். டோரா எந்தப் பக்கம் போகலாம் என்று திரையிலிருந்து கேட்டுவிட்டு, பதிலுக்காகக் கண்ணைக் கொட்டிக்கொண்டு நிற்பாள். வீட்டுக்கு வீடு பிள்ளைகள் கத்திப் பதில் சொன்னார்கள். நீ எந்தத் தெரு என்று அவள் யாரையும் கேட்கவில்லை. எல்லாக் கதையும் எல்லாருக்கும் சொந்தம் என்ற நிலை இந்த மாவட்டத்துக்கு வந்ததை நான் பெரிய நன்மையாகவே நினைக்கிறேன்.

இந்தப் படங்கள் சொல்லும் நட்பும் வேறு. 1995இல் வந்த ‘டாய் ஸ்டோரி’ முழுக்கக் கணினியில் உருவான முதல் முழுநீளப் படம். அதில் புதிதாக வந்த ‘பஸ்’ என்ற பொம்மையின் மேல் பழைய பொம்மை வுடிக்குப் பொறாமை. அந்தப் பொறாமையால் பஸ் ஜன்னலுக்கு வெளியே போய் விழுகிறது. தான் செய்ததற்குத் தானே அலைந்து ஈடுகட்டிய பிறகுதான் வுடிக்குத் தோழன் கிடைக்கிறான். ‘இன்சைட் அவுட்’ படத்தில் மனத்தின் சோகத்தை விரட்டப் பார்க்கும் மகிழ்ச்சி என்ற பாத்திரம், அழுகிறவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து கேட்பதும் ஓர் உதவிதான் என்று கற்றுக்கொள்கிறது. 2016இல் வந்த ‘ஸூடோபியா’வில் போலீஸ் முயல் ஜூடி, வேட்டை விலங்குகள் பிறவியிலேயே ஆபத்தானவை என்ற பொருளில் மேடையில் பேசிவிடுகிறாள். கேட்டுக்கொண்டிருந்த நரித் தோழன் நிக்கின் முகம் மாறிப்போகிறது. பின்னால் அவள் பாலத்தடிக்கு வந்து, தப்பு என்னுடையது என்று அழுது மன்னிப்புக் கேட்கிறாள். பிறப்பை வைத்து ஒருவரை எடைபோடுவது தவறு, அப்படிச் செய்துவிட்டால் வாய்திறந்து மன்னிப்புக் கேள் என்று இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன கதை கூத்துக் களத்தில் கிடைக்கவில்லை.

கூத்தையும் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க 2024 டிசம்பரில் வந்த ‘முஃபாசா’ தோதான படம். தமிழில் அர்ஜுன் தாஸ் முஃபாசாவுக்கும் அசோக் செல்வன் டாக்காவுக்கும் குரல் கொடுத்தார்கள். வெள்ளத்தில் அடித்துவரப்பட்ட அநாதைக் குட்டி முஃபாசாவைக் காப்பாற்றித் தன்னோடு சேர்த்துக்கொள்கிறான் அரச குடும்பத்துப் பிள்ளை டாக்கா. துரியோதனன் கர்ணனுக்குச் செய்தது கிட்டத்தட்ட இதுதான். ஆனால் முஃபாசா தன்னைவிட உயரும்போது டாக்காவால் தாங்க முடியவில்லை, எதிரிக்குக் காட்டிக்கொடுத்துவிடுகிறான். அவன்தான் பிறகு ‘லயன் கிங்’ படத்தின் வில்லன் ஸ்கார் ஆகிறான். கர்ணனின் வில்லும் புகழும் எவ்வளவு வளர்ந்தபோதும் துரியோதனன் ஒருநாளும் பொறாமைப்படவில்லை. வில்லன் என்று நாம் ஒதுக்கியவனிடம் இருந்த பெருந்தன்மையைக் கூத்து காட்டுகிறது. நல்ல தோழனையும் பொறாமை எப்படித் தின்னும் என்று படம் காட்டுகிறது. ஒரு பிள்ளைக்கு இரண்டுமே தெரிய வேண்டும்.

இன்றைக்குக் குறைந்துபோனது படத்தில் இல்லை, பார்க்கும் விதத்தில் இருக்கிறது. சேர்ந்து பார்த்த டிவி போய், ஆளுக்கொரு செல்போன் வந்துவிட்டது. ‘லயன் கிங்’கில் முஃபாசா சாகும் காட்சியை விரலால் தள்ளிவிட்டுப் பாட்டுக்குப் போய்விட முடிகிறது. சோகத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தவனுக்கு நட்பின் விலை தெரியாது. கூத்தில் கட்டியங்காரன் ராஜாவையே மடக்கிக் கேள்வி கேட்பான். நம் மனசில் இருப்பதை அவன் கேட்டுவிடுவான். ‘கர்ணன் செய்தது சரியா?’ என்று மறுநாள் திண்ணையிலும் களத்துமேட்டிலும் வாதம் நடக்கும். செல்போனைக் கையில் கொடுத்துவிட்டுச் சோறு ஊட்டும் வீட்டில் இன்று அந்த வாதத்துக்கு இடமில்லை.

வழி இல்லாமலும் இல்லை. 2022-23 கல்வியாண்டிலிருந்து தமிழக அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை மாதந்தோறும் சிறார் திரைப்படம் திரையிடும் திட்டம் வந்தது. படம் முடிந்ததும் பிள்ளைகள் அதைப் பற்றிப் பேச வேண்டும் என்பதும் திட்டத்தில் உண்டு. கூத்துக் களம் செய்யத் தவறியதை அந்த வகுப்பறை செய்ய முடியும். அங்கே எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்கிறார்கள். நல்ல அனிமேஷன் படங்களுக்கு அதில் தாராளமாக இடம் வேண்டும். ‘ஸூடோபியா’வைப் போட்டுவிட்டு, நம்ம ஊரில் யாரை யார் எப்படி நினைக்கிறோம் என்று ஆசிரியர் கேட்க வேண்டும். இந்த மாவட்டத்திலேயே இருக்கும் கூத்து வாத்தியார்களை அழைத்து, அதே பிள்ளைகளுக்குக் கர்ண மோட்சத்தில் ஒரு கட்டத்தை ஆடிக் காட்டச் சொல்ல வேண்டும். துரியோதனனும் டாக்காவும் ஒரே பாடவேளையில் பேசப்படட்டும். எந்தப் படம் எவ்வளவு நல்லது என்பதை அதற்குக் கிடைக்கும் கைதட்டலை வைத்து நான் அளக்க மாட்டேன். பேசி முடித்து வெளியே போகும் பிள்ளை, நேற்றுவரை ஒதுக்கிவைத்தவன் வீட்டுக்கு இன்று விளையாடப் போகிறதா, அதைப் பெற்றவர்கள் தடுக்காமல் இருக்கிறார்களா என்பதுதான் எனக்கு அளவு.